மாத்திரை மாறும் செவ்வாய்க்கிழமை

மூன்றாவது மாதமும் மாத்திரை மாறிப்போயிருந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் விமலா அவலூர்பேட்டை பஸ் ஏறி, ஜன்னலோர இடம் பிடித்து, பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடப்போன நேரத்தில் போன் அடித்தது. கமிட்டிச் சந்து அமிர்தசாமியின் மகன் சாமுவேல்.

"ஏம்மா, எங்க நைனாவுக்கு இன்னா மாத்திரை குடுத்துட்டுப் போன?"

"பிரஷர் மாத்திரை சார். ஒரு மாசத்துக்கு."

"கவரு என் கையிலதான் இருக்குது. உள்ள இருக்கறது சுகர் மாத்திரை."

"இல்ல சார். கவர் மேல பேரு பெருசா எழுதியிருக்கேன், பாருங்க."

"பாத்தேன். லூர்துமேரின்னு எழுதியிருக்குது. எங்க நைனா பேரு லூர்துமேரியா?"

விமலா பதில் சொல்வதற்குள் இன்னொரு அழைப்பு குறுக்கே வந்தது. மாதா கோயில் தெரு ஜேம்ஸ். இவன் குரல் நிதானமாக இருந்தது. நிதானமாகப் பேசுகிறவர்களிடம்தான் விமலாவுக்குப் பயம்.

"மேடம், எங்கம்மா பேரு இன்னா மேடம்?"

"லூர்துமேரி சார்."

"அப்புறம் ஏன் அமிர்தசாமின்னு எழுதிக் குடுத்திருக்கீங்க?"

பஸ் கிளம்பிவிட்டது. இறங்கிப் போய்ப் பார்க்கவும் முடியாது. விமலா போனைக் கையில் வைத்தபடி, ராஜகிரி மலை ஜன்னலில் பின்னால் போவதைப் பார்த்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள்.

நகரத்து முதியோருக்கு வீடு தேடிப் போய் மாத்திரை கொடுக்கும் வேலையில் விமலா சேர்ந்தது ஜூலையில். அறுபது வயதைத் தாண்டி, பிரஷரோ சுகரோ இருந்து, சுகாதார நிலையத்து வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கு மாதம் ஒருமுறை மாத்திரை கொண்டுபோக வேண்டும். கையில் பட்டை கட்டி பிரஷர் பார்க்க வேண்டும், விரலில் குத்தி சுகர் பார்க்க வேண்டும், எல்லாவற்றையும் போனிலும் நோட்டிலும் ஏற்ற வேண்டும். அவள் பட்டியலில் அறுபத்திரண்டு பேர். அதில் அறுபது பேருக்கு ஒருநாளும் எதுவும் மாறியதில்லை.

விமலா கவனக்குறைவானவள் அல்ல. அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியிலிருந்து திரும்பிப் போய்ப் பார்க்கிறவள். ஒவ்வொரு முறையும் அணைத்துத்தான் இருக்கும். அப்படிப்பட்டவள் கையிலிருந்து, மாதாமாதம் முதல் செவ்வாய்க்கிழமை, மிகச் சரியாக அதே இரண்டு வீட்டு மாத்திரை மாறிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் ஜெயஸ்ரீ சிஸ்டர் கூப்பிட்டு நிற்கவைத்துக் கேட்டார். திண்டிவனத்திலிருந்து வந்துபோகிறவர். சுகாதார நிலையத்தில் விமலாவுக்கு மேலே இருப்பவர். குரலை உயர்த்தாமலே ஒருவரைச் சின்னதாக்கத் தெரிந்தவர்.

"உனக்கு முன்னாடி ஒரு பொண்ணு ரெண்டு வருஷம் இருந்தா. ஒரு தடவகூட மாறினதில்ல."

"சிஸ்டர், நான் பேரு எழுதி, ஒட்டி, ரெண்டு தடவை படிச்சுப் பாத்துதான் குடுத்தேன்."

"மூணு தடவை படி."

"சரி சிஸ்டர்."

"அந்த ரெண்டு வீடும் சாதாரண வீடு இல்ல விமலா. தொண்டூர்ப் பக்கம் மல்லாட்டை வெளையற ஒன்றரை ஏக்கர் நெலம். அதுக்காக ஜூன் மாசம் கோர்ட்டுக்குப் போயிருக்கறாங்க. சாமுவேல் வீடு காலைப் பூசைக்குப் போனா ஜேம்ஸ் வீடு ரெண்டாம் பூசைக்குத்தான் போகும். இவன் போற ரேஷன் கடைப் பக்கம் அன்னிக்கு அவன் போக மாட்டான். நீ போயி அவன் வீட்டு மாத்திரையை இவன் வீட்ல குடுத்தா சும்மா விடுவாங்களா? மார்ச்ல உன் வேலையைப் புதுப்பிக்கணும். புகார் இருந்தா நான் இன்னா எழுதறது?"

மாறிப்போன மாத்திரையைத் திரும்பக் கொடுக்க ஒரு முறை இருந்தது. சம்பந்தப்பட்டவர் நேரில் வர வேண்டும். தப்பு மாத்திரையை விழுங்கியிருக்கிறாரா என்று சிஸ்டர் பரிசோதித்துப் பார்த்த பிறகுதான் சரியான மாத்திரை கையில் வரும். புறநோயாளிகள் கூட்டம் முடிய மதியம் பன்னிரண்டு ஆகும். அதுவரை வராந்தாவில் காத்திருக்க வேண்டும். வராந்தாவில் ஒரே ஒரு பெஞ்சுதான் இருந்தது.

அன்றைக்கும் ஒன்பது மணிக்கெல்லாம் இருவரும் வந்துவிட்டார்கள். சாமுவேல் தன் அப்பாவை கேட்டில் இறக்கிவிட்டு, உள்ளே பார்க்காமல் வண்டியைத் திருப்பினான். பத்து நிமிஷம் கழித்து ஜேம்ஸ் தன் அம்மாவை இறக்கிவிட்டு அதேபோல் போனான். மார்க்கெட் கமிட்டியில் நாற்பது வருஷம் நெல் மூட்டைக்கு எடை போட்ட அமிர்தசாமிக்கு எழுபத்து நாலு வயது. மாதா கோயில் வாசலில் மெழுகுவத்தி விற்ற லூர்துமேரிக்கு எழுபது. பெஞ்சின் இந்தக் கோடியில் அவர், அந்தக் கோடியில் இவர். நடுவில் மூன்று பேர் உட்காரலாம். யாரும் உட்காரவில்லை. விமலா எப்போதெல்லாம் மருந்து அறைக் கதவைத் திறந்து வெளியே தலை நீட்டினாளோ அப்போதெல்லாம் சண்டை நடந்துகொண்டிருந்தது.

"எல்லாம் உன் புள்ள பண்ற வேலை."

"உன் புள்ள மட்டும் இன்னா யோக்கியனா?"

"கொஞ்சம் பேசாம இருங்க தாத்தா. ஆயா, நீங்களும்தான். பிரஷரு ஏறிடப் போவுது."

ஆனால் பன்னிரண்டு மணிக்குப் பார்த்தபோது அமிர்தசாமியின் பிரஷர் நூற்று முப்பதுதான் காட்டியது. லூர்துமேரியின் சுகரும் ஒழுங்காக இருந்தது. இருவரும் ஒரு தப்பு மாத்திரைகூட விழுங்கியிருக்கவில்லை. அந்த ஒரு விஷயத்துக்காக விமலா தான் நம்பும் அம்மனுக்கு மனசுக்குள் நன்றி சொன்னாள்.

போன மாதமே இதற்கு ஒரு வழி பண்ணிப் பார்த்திருந்தாள். ஆகஸ்டில் மாறியபோது, வயதானவர்களை எதற்கு அலைக்கழிக்க வேண்டும் என்று தானே கமிட்டிச் சந்துக்குப் போய், "குடுங்க தாத்தா, நானே அந்த வீட்டுக்குப் போயி மாத்தியாந்து தந்துடறேன்" என்றாள். அமிர்தசாமி கவரை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"தர மாட்டேன். மறுபடியும் மாத்திடுவ. நான் நேர்ல வந்துதான் வாங்குவேன்."

மாதா கோயில் தெருவிலும் அதே பதில்தான். "முட்டி வலி ஆயா உங்களுக்கு, எதுக்கு அவ்ளோ தூரம்?" என்று கெஞ்சியதற்கு, "வலிச்சா வலிக்கட்டும். முறைன்னு ஒண்ணு இருக்குது இல்ல" என்றார் லூர்துமேரி. அரசாங்க முறைமேல் இவ்வளவு மரியாதை வைத்திருக்கிற இன்னொரு ஆளை விமலா அதுவரை பார்த்ததில்லை.

பெயர் எழுதிப் பயனில்லை என்று ஆகிவிட்டது. எழுத்து மாறலாம், நிறம் மாறாது என்று விமலா யோசித்தாள். அக்டோபருக்குத் துணிப்பை தைத்தாள். சுகருக்குச் சிவப்பு, பிரஷருக்கு நீலம். வீட்டில் கிடந்த பழைய ஜன்னல் திரையும் தீபாவளி ஜாக்கெட் துணியும் அதற்குச் செலவாயின. சிவப்புப் பையை மாதா கோயில் தெருவில் லூர்துமேரி கையில் கொடுத்தாள். நீலப் பையைக் கமிட்டிச் சந்தில் அமிர்தசாமி கையில் கொடுத்தாள். கொடுக்கும்போது, "தாத்தா, இது இன்னா கலரு?" என்று கேட்டு, "நீலம்" என்று சொல்லவும் வைத்தாள்.

சாயங்காலம் சாமுவேல் போன் பண்ணினான். சிவப்புப் பை.

அது போதாதென்று அடுத்த நாள் லூர்துமேரியின் பக்கத்து வீட்டு ஆண்டாள் வழிமறித்தார். அவருக்கும் சுகர்தான்.

"அவங்களுக்கு மட்டும் துணிப்பை, எங்களுக்குக் காயிதக் கவரா? நாங்க ஓட்டுப் போடலையா?"

"அது மாத்திரை மாறாம இருக்கறதுக்கு ஆயா."

"எங்களுக்கும் மாறுச்சுன்னா?"

பட்டியலில் இருந்த அறுபத்திரண்டு பேருக்கும் விமலா பை தைத்துக் கொடுத்தாள். ராத்திரிச் சமையலை அவள் புருஷன் பார்த்துக்கொண்டான். பை கிடைத்த முதியவர்கள் அதை வாசல் ஆணியில் மாட்டினார்கள். ஒரு வாரத்துக்குள் எந்த நிறம் எந்த வியாதி என்று தெருவுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. தனகோட்டி என்கிற பெரியவர் வீட்டுக்கு வேட்டவலத்திலிருந்து பேத்தியைப் பெண் பார்க்க வந்தவர்கள் காப்பி குடித்துக்கொண்டே ஆணியைப் பார்த்தார்கள். பிறகு, "உங்க வீட்ல சுகரு பரம்பரையா?" என்று விசாரித்தார்கள். அடுத்த வாரம் சொல்லி அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். சொல்லி அனுப்பவில்லை.

தனகோட்டி சுகாதார நிலையத்துக்கே வந்து பையை மேஜைமேல் வைத்தார்.

"எனக்கு வியாதி இருக்குதுன்னு கொடி ஏத்தச் சொன்னது யாரு?"

பைகள் திரும்ப வாங்கப்பட்டன. ஆண்டாள் மட்டும் கொடுக்க மறுத்துவிட்டார். வெற்றிலை வைத்துக்கொள்ளத் தோதாக இருந்ததாம். ஜெயஸ்ரீ சிஸ்டர் விமலாவிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டார். 'நல்ல எண்ணத்தில் செய்தேன்' என்று விமலா எழுதினாள். இரண்டாவது வரி என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

நவம்பருக்கு அவள் எந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லாத ஒரு வழியைக் கண்டுபிடித்தாள். இரண்டு பேருடைய முகத்தையும் போனில் படமெடுத்து, ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாகப் போட்டு, அவரவர் கவர்மேல் ஒட்டினாள். படிக்கத் தெரியாதவருக்கும் தன் முகம் தெரியும். கவரோடு ஆளை நிறுத்தி இன்னொரு படம் எடுத்து, நேரத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். பிறகு, கடைசி ஏற்பாடாக, அமிர்தசாமி முதல் மாத்திரையை விழுங்கும்வரை அந்த வீட்டைவிட்டு நகர்வதில்லை என்று முடிவு செய்தாள்.

லூர்துமேரிக்குக் கொடுத்துவிட்டு அவள் கமிட்டிச் சந்துக்கு வந்தபோது மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். கவரை அமிர்தசாமி கூடத்து அலமாரியில் வைத்தார்.

"போடுங்க தாத்தா."

"சாப்ட்டுட்டுதான் போடணும். டாக்டரு சொல்லியிருக்கறாரு."

"எத்தினி மணிக்குச் சாப்பிடுவீங்க?"

"ஒண்ணு."

மணி பத்தேகால். விமலா நாற்காலியை அலமாரிக்கு நேர் எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அமிர்தசாமி கட்டிலில் உட்கார்ந்து அவளைப் பார்த்தார். அவள் கவரைப் பார்த்தாள்.

பதினொன்றரைக்குத் தண்ணீர் கேன் போடும் எழிலன் வந்தான். ஐம்பது வயது ஆள். தோளில் கேனோடு வாசலில் தடுமாறியவனுக்கு விமலாதான் எழுந்து போய்க் கதவைப் பிடித்துக்கொண்டாள். "சமையக்கட்டுல தூசியா இருக்குது, அந்தக் கேன் ஸ்டாண்டைக் கொஞ்சம் தொடைச்சு விடும்மா" என்றார் அமிர்தசாமி. வயதானவர் கேட்கிறாரே என்று அதையும் செய்தாள். எழிலன் கேனை வைத்து, காலிக் கேனை எடுத்துக்கொண்டு போனான். விமலா மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தாள். கவர் அலமாரியிலேயே, இருந்த இடத்திலேயே இருந்தது.

ஒரு மணிக்குச் சாப்பிட்டார். ஒன்றேகாலுக்குக் கவரை எடுத்துத் திருப்பினார். கவர்மேல் லூர்துமேரி முக்காட்டோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

அமிர்தசாமி அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் விமலாவிடம் காட்டினார்.

"பாரு. மறுபடியும் மாத்திட்ட."

விமலா கவரை வாங்கிப் பார்த்தாள். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். போனில் இருந்த படத்தைப் பார்த்தாள். அதில் அமிர்தசாமி கையில் இருந்த கவரில் அமிர்தசாமிதான் இருந்தார். அவளுக்கு முதல்முறையாகத் தன் புத்திமேல் சந்தேகம் வந்தது. மாற்றியது பேயாக இருந்தால்கூடப் பரவாயில்லை, தானாக இருக்கக் கூடாது என்று தோன்றியது.

அந்த வாரம் முதியோருக்கு இலவசக் கண் பரிசோதனை முகாம் நடந்தது. ஆட்களை வரிசையில் உட்காரவைக்கும் வேலை விமலாவுடையது. கடைசி ஆளும் போன பிறகு அவளே அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். பரிசோதிக்க வந்தவர் எல்லா வரியையும் படிக்கச் சொன்னார். கடைசி வரியில் இருந்த பொடி எழுத்துவரை படித்தாள்.

"கண்ணு நல்லா இருக்குதும்மா. ஏன், இன்னா பிரச்சினை?"

"ஒண்ணைப் பாக்கறேன் சார். அது வேற ஒண்ணா ஆயிடுது."

அவர் கொஞ்சம் தயங்கி, வேறு ஒரு டாக்டரைப் பார்க்கச் சொன்னார்.

ஆனால் நிஜமான வினை அந்தப் படங்களால் வந்தது. பெயர் மாறி இருந்தவரை அது விமலாவின் தப்பாக இருந்தது. அமிர்தசாமி சரியான கவரோடு நிற்கிற படத்தை அவள் காட்டியதும், இரண்டு மகன்களும் வேறு முடிவுக்கு வந்தார்கள்.

"அந்தம்மா சரியாத்தான் குடுத்திருக்குது. மாத்தினது ஜேம்ஸு. எங்க நைனாவைத் தீத்துட்டா கேஸு நிக்காதுன்னு கணக்குப் போடறான். எவ்ளோ தைரியம் இருந்தா அவங்கம்மா போட்டோவை எங்க வூட்டு அலமாரியில கொண்டாந்து வெப்பான்" என்றான் சாமுவேல்.

"நான் எதுக்கு மேடம் அவன் வீட்டுக்குள்ள போறேன்? அவன்தான் எங்கம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை குடுத்து மயக்கம் போட வெக்கப் பாக்கறான்" என்றான் ஜேம்ஸ், நிதானமாக.

இருவரும் ரேஷன் கடை வாசலில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். பச்சரிசி கொஞ்சம் ரோட்டில் கொட்டியது. ஸ்டேஷனுக்குப் போனார்கள். மாத்திரை மாறினால் என்ன பிரிவில் எழுதுவது என்று ஏட்டு யோசித்துப் பார்த்துவிட்டு, இது சுகாதாரத்தில் சேரும் என்று திருப்பி அனுப்பினார். இருவரும் தனித்தனியாக மாவட்டத்துக்கு மனு எழுதினார்கள். ஒரு மனுவில் கொலை முயற்சி என்றும் இன்னொரு மனுவில் கூட்டுச் சதி என்றும் இருந்தது. இரண்டிலும் விமலா பெயர் இருந்தது.

மாவட்டத்திலிருந்து விசாரணைக்கு ஆள் வருவதாகத் தகவல் வந்த அன்று, ஜெயஸ்ரீ சிஸ்டர் முதல்முறையாக விமலாவை உட்காரச் சொன்னார்.

"எனக்கு நாலு வருஷம் சர்வீஸ் பாக்கி இருக்குது விமலா. ஏதாவது பண்ணு."

விமலாவுக்கு அடுத்த இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை. பிடித்துச் செய்த வேலை. அவலூர்பேட்டையில் துணிக்கடையில் நின்ற நாலு வருஷத்தில் யாரும் அவளை வாசலில் எதிர்பார்த்து நின்றதில்லை. இங்கே அறுபத்திரண்டு பேர் நின்றார்கள். மூன்றாவது நாள் பஸ்ஸில் வரும்போது யோசனை உதித்தது. இவ்வளவு எளிதானது இத்தனை மாதம் ஏன் தோன்றவில்லை என்றும் இருந்தது.

இந்த இருவருக்கு மட்டும் இனி வீட்டுக்குப் போய்க் கொடுப்பதில்லை. மகன்கள் அழைத்துவர வேண்டும். அமிர்தசாமிக்குச் செவ்வாய்க்கிழமை, லூர்துமேரிக்கு வெள்ளிக்கிழமை. வந்த உடனே, வரிசையில் காக்க வைக்காமல் பார்த்து, வாரத்துக்கு ஏழு மாத்திரை மட்டும் எண்ணி மகன் கையில் கொடுத்து, ஆளுக்கொரு நோட்டில் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட வேண்டும். ஒருவர் மாத்திரை வெளியே வரும் நாளில் இன்னொருவர் மாத்திரை அறைக்குள் பூட்டியிருக்கும். மாறுவதற்கு வழியே இல்லை.

டிசம்பரில் மாறவில்லை. ஜனவரியிலும் மாறவில்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரி இரண்டு நோட்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சுத்தமா ஒரு ஏற்பாட்டை நான் பாத்ததில்லம்மா" என்றார். மற்ற ஊர்களிலும் இதைச் சொல்லப்போவதாகக் குறித்துக்கொண்டார். மகன்கள் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். குடியரசு தினத்தன்று கொடியேற்றி மிட்டாய் கொடுத்த பிறகு, 'முதியோர் சேவையில் சிறந்த பணி' என்று அச்சிட்ட சான்றிதழை விமலா கையில் கொடுத்தார்கள். ஜெயஸ்ரீ சிஸ்டர் அதைக் கண்ணாடி போட்டு மருந்து அறையிலேயே மாட்டச் சொன்னார். மார்ச்சில் வேலை புதுப்பிப்பதற்கான காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டதாகவும் சொன்னார்.

பிப்ரவரி முதல் செவ்வாய்க்கிழமை அமிர்தசாமியின் கையில் பட்டையைக் கட்டியபோது நூற்று எழுபத்தெட்டு காட்டியது. விமலா பட்டையை அவிழ்த்து மறுபடியும் கட்டினாள். நூற்று எண்பது.

"தாத்தா, மாத்திரை போடறீங்களா?"

"போடறேன்."

"உப்பு கிப்பு அதிகமா சேத்துக்கறீங்களா?"

"இல்ல."

"நைனா சரியாத் தூங்கறதே இல்ல மேடம். ஞாயித்துக்கெழமைகூட பூசைக்கு வர மாட்டேங்கறாரு" என்றான் சாமுவேல். இப்போதெல்லாம் அவனும் மேடம் என்றுதான் கூப்பிட்டான்.

"மாத்திரை ஏதும் மாறலையே தாத்தா?" என்று விமலா ஒரு பேச்சுக்குக் கேட்டாள்.

"எங்க மாறுது" என்றார் அமிர்தசாமி. புகார் சொல்வது போலிருந்தது.

வெள்ளிக்கிழமை லூர்துமேரிக்கு சுகர் இருநூற்றுத் தொண்ணூறு இருந்தது. அதே மாத்திரை, அதே அளவு. சாப்பாடு பாதிதான் இறங்குகிறது, வாசல் பக்கமே வருவதில்லை என்று ஜேம்ஸ் சொன்னான். கையெழுத்துப் போட நோட்டைத் திருப்பிக்கொண்டிருந்தவனுக்குக் கேட்காத குரலில் லூர்துமேரி விமலாவிடம் கேட்டார்:

"இந்தத் தடவையும் சரியாத்தான் இருக்குதா?"

"சரியா இருக்குது ஆயா. இனிமே மாறவே மாறாது. பயப்படாதீங்க."

லூர்துமேரி தலையாட்டினார். வராந்தா வழியாகப் போகும்போது பெஞ்சு பக்கத்தில் நின்றார். முட்டி வலிக்கிறது, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன் என்றார். "வூட்ல போயி உக்காரலாம் வாம்மா" என்று ஜேம்ஸ் கையைப் பிடித்து அழைத்துப் போனான்.

டாக்டர் இருவருக்கும் மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதினார். அடுத்த வாரம் அதையும் மீறி இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது. விழுப்புரத்துக்கு அனுப்பிப் பார்க்கலாமா என்று கேட்டார். விமலா நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர், நவம்பர். மாத்திரை மாறிய மாதங்களில் எல்லாம் இருவரும் கல்லுக்குண்டாக இருந்திருக்கிறார்கள். மாறாமல் இருக்க ஆரம்பித்ததிலிருந்து படுத்துவிட்டார்கள். இதை எந்தப் படிவத்தில் எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மதியம் கூட்டம் கலைந்த பிறகு எழிலன் சுகாதார நிலையத்துக்குக் கேன் கொண்டுவந்தான். மருந்து அறை மூலையில் கேனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சுவரில் இருந்த சான்றிதழை எழுத்துக் கூட்டிப் படித்தான். விமலா நோட்டிலிருந்து தலை நிமிராமல் இருந்தாள்.

"இன்னா மேடம், சர்டிபிகேட் வாங்கிட்டு மொகம் வாடிக் கெடக்குறீங்க?"

"அமிர்தசாமி தாத்தாவுக்கும் லூர்துமேரி ஆயாவுக்கும் ஒடம்பு சரியில்ல எழிலன். எல்லாம் சரியாத்தான் குடுக்கறேன். ஏன் ஏறுதுன்னே புரியல. நீங்க அந்த ரெண்டு வீட்டுக்கும் போறவரு, ஏதாவது தெரியுமா?"

எழிலன் காலிக் கேனை எடுத்துத் தோளில் வைத்தான். மறுபடியும் கீழே இறக்கினான். வராந்தாவில் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"கேஸ் போட்டதுலேர்ந்து புள்ளைங்க பேச விடறதில்ல, கூடப்பொறந்த அண்ணனும் தங்கச்சியும் ஒண்ணா உக்காந்து பேசறதுக்கு ஊர்லயே உங்க பெஞ்சு ஒண்ணுதான் மேடம் இருந்துச்சு, அதுக்குத்தான் மாசாமாசம் அவங்க ரெண்டு பேரும் சொல்லி நான் கவரை மாத்திக் குடுத்துட்டிருந்தேன், நீங்க போயி அதைச் சரி பண்ணிட்டீங்க."